‘பரவிவிட்டது’ என்று சொல்வதற்கு முன்

தங்கராசுவிடம் அந்தச் செய்தியைச் சொல்ல நான் எடுத்துக்கொண்டது நான்கு நிமிடம். அதிலும் ஒரு நிமிடம் செல்போனில் வேறு யாருடனோ பேசினேன்.

மார்பு அறுவை சிகிச்சைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருந்தார்கள். திருச்சியில் முப்பது வருடம் நெஞ்சைத் திறந்து மூடிவிட்டு, இரண்டு வருடமாக கே.கே. நகர் வீட்டில் இருக்கிறேன். ஓய்வு என்று பெயர். உட்கார முடிவதில்லை. பேப்பரை எடுத்தால் பாதியில் வைத்துவிடுகிறேன், காபி போட்டால் குடிக்காமல் வாசலுக்குப் போய்விடுகிறேன். எந்த இரத்தக் குழாயை எப்படிக் கட்டுவது என்பதை உங்களுக்குச் சொல்லித் தர ஆட்கள் இருக்கிறார்கள். நான் இந்த ஒரு மனிதரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அவர் விஷயத்தில் நான் செய்த தவறுகளையும் சேர்த்து.

ஆறு வருடத்துக்கு முன்பு அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. பாய்லர் தொழிற்சாலையின் கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் குடியிருந்தார். சிகரெட்டை விட்டுப் பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. இருமல் போகாததால் ஸ்கேன் எடுத்ததில், வலது நுரையீரலின் மேல் மடலில் எலுமிச்சை அளவுக்கு ஒரு கட்டி தெரிந்தது. இடது நுரையீரலின் கீழ் மடலில் சுண்டைக்காய் அளவுக்கு இன்னொன்று. வலது பக்கத்தில் ஊசி போட்டு எடுத்த துணுக்கில் புற்றுநோய் என்று உறுதியாகியிருந்தது. ஒரு பக்கத்தில் புற்றுநோய் இருந்து, மறுபக்கத்திலும் ஒரு கட்டி தெரிந்தால், அது பரவியது என்று எழுதுவதுதான் எங்கள் கை பழகிய முடிவு. பரவியிருந்தால் அறுவை சிகிச்சையால் பயனில்லை. அதனால் என் மேசைக்கு வந்த அந்தக் கோப்பு எனக்கு வேலையில்லாத கோப்பு.

“இடது பக்கமும் பரவியிருக்குங்க. ஆபரேஷன் பண்றதுல அர்த்தமில்ல. மருந்து கொடுக்கிற டாக்டருக்கு லெட்டர் தரேன். இப்ப நல்ல மாத்திரையெல்லாம் இருக்கு” என்றேன்.

அவர் மனைவி விஜயா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். தங்கராசு எழுந்து போய், ஸ்கேன் பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பார்த்துப் பழகியவர் பார்ப்பது போல, ஓரத்திலிருந்து தொடங்கி மெதுவாகப் பார்த்தார்.

“டாக்டரம்மா, ரெண்டு இடத்துலயும் ஊசி போட்டு எடுத்தாங்களா?”

“வலது பக்கம் மட்டும்தான்.”

“அப்ப இடது பக்கம் இருக்கறது இதுலேர்ந்துதான் வந்ததுன்னு எப்படிங்க தெரியும்?”

“பொதுவா அப்படித்தாங்க இருக்கும்.”

“நான் பிலிம் படிக்கிறவன்ங்க. பாய்லர் பைப்புக்கு வெல்டிங் போட்டதும் அதை எக்ஸ்ரே எடுப்பாங்க. அதைப் பாத்து எங்க குறை இருக்குன்னு எழுதுறது என் வேலை. ஒரு ஜாயிண்ட்ல ரெண்டு குறை தெரிஞ்சா, ஒண்ணாலதான் இன்னொண்ணுன்னு எழுத மாட்டோம். தனித்தனியாத்தான் பாப்போம். கீழ கையெழுத்து போடணும்ல.”

எனக்குக் கோபம் வந்தது. வெளியே முப்பது பேர் காத்திருந்தார்கள். “உடம்பு பைப் இல்லைங்க” என்றேன்.

“ஆமாங்க. பைப்புன்னா வெட்டிட்டு வேற போட்டுடலாம்” என்றார். அவர் குரலில் கேலி இல்லை.

அவர்கள் போன பிறகு நான்கைந்து பேரைப் பார்த்தேன். யார் சொன்னதும் காதில் விழவில்லை. எழுந்து, இரண்டாவது மாடியில் இருந்த நோய்க்குறியியல் அறைக்குப் போனேன். அங்கே இருந்த டாக்டர் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். துணுக்குகளை நுண்ணோக்கியில் பார்த்து என்ன நோய் என்று சொல்பவர். அவரிடம் ஸ்கேனைக் காட்டி, “இது பரவினதுதானே?” என்றேன். தலையை ஆட்டிவிடுவார் என்று எதிர்பார்த்துத்தான் கேட்டேன்.

“ரெண்டாவதை நான் பாக்கவே இல்லையே மேம்” என்றார் அவர்.

இடது பக்கக் கட்டி உதரவிதானத்துக்கு அருகில் இருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் மேலும் கீழும் நகரும் இடம். ஸ்கேன் பார்த்து ஊசி போடுபவர்கள் தயங்கினார்கள். வற்புறுத்திச் செய்ய வைத்தேன். ஊசி பட்ட இடத்தில் காற்றுக் கசிந்து, தங்கராசு இரண்டு நாள் வார்டில் படுக்க வேண்டியிருந்தது. அந்த இரண்டு நாளும், தேவையில்லாமல் ஒரு மனிதரை நோகடித்துவிட்டேனோ என்று வார்டுக்கும் என் அறைக்குமாக நடந்தேன். இரண்டு துணுக்குகளையும் ஒப்பிடும் மரபணுப் பரிசோதனை முடிவு வர இன்னும் இரண்டு வாரம் ஆயிற்று.

முடிவு வந்த அன்று அந்த இளைய டாக்டர் போனில் அழைத்தார். “மேம், ரெண்டும் வேற வேற. செல் அமைப்பும் வேற, மரபணுக் கோளாறும் வேற. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்ல.”

ஒரே நெஞ்சில் தனித்தனியாகத் தோன்றிய இரண்டு புற்றுநோய்கள். நிணநீர்க் கணுக்களில் எதுவும் இல்லை, மூளையில் இல்லை, எலும்பில் இல்லை. இரண்டுமே ஆரம்ப நிலை. இரண்டையும் வெட்டி எடுக்க முடியும். நான்கு நிமிடத்தில் நான் கதவைச் சாத்தி அனுப்பிய மனிதருக்கு, குணமாகும் வாய்ப்பு இருந்தது.

நீங்கள் சந்தோஷப்பட்டிருப்பீர்கள். எனக்கு முதலில் வந்தது பயம். அதற்கு மூன்று வருடம் முன்னால் இதே போல இரண்டு பக்கக் கட்டியோடு வந்த ஒரு பெண்மணியின் முகம் நினைவுக்கு வந்தது. ஸ்ரீரங்கத்தைச் சேர்ந்த வேதவல்லி, பத்தாம் வகுப்பு ஆசிரியை. அவரிடமும் இதே வாக்கியத்தைச் சொன்னேன். அவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. ஒன்றரை வருடத்தில் இறந்துவிட்டார்.

பழைய கோப்பைத் தேடி எடுத்தேன். அவருக்கும் ஒரு பக்கம்தான் ஊசி போடப்பட்டிருந்தது. மறுபக்கத்துக் கட்டி என்னவென்று இனி யாராலும் சொல்ல முடியாது. பரவியதாகவே இருந்திருக்கலாம். பெரும்பாலும் அப்படித்தான் இருந்திருக்கும். ஆனால் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முடிந்த நாளில் நான் பார்க்கவில்லை.

இந்தக் கலக்கத்தோடுதான் தங்கராசுவின் சிகிச்சையைத் தொடங்கினேன். அது ஒரு வைத்தியருக்கு நல்ல நிலை இல்லை.

முதலில் வலது பக்கம். பெரிய கட்டி அங்கேதான் இருந்தது. மேல் மடலை எடுக்கத் திட்டம். நெஞ்சைத் திறந்து விரலால் தடவிக்கொண்டு போகும்போது, கீழ் மடலில் மிளகு அளவுக்குக் கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டது. ஸ்கேனில் அது இல்லை. எதிரே நின்ற உதவி டாக்டர் என் முகத்தைப் பார்த்தார்.

“மேம், இது பரவல்தானே? மூடிடலாமா?”

ஒரு மாதத்துக்கு முந்தைய நானாக இருந்தால் மூடியிருப்பேன். அந்த மிளகை மட்டும் எடுத்து, உடனடிப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். அரை மணி நேரம். நெஞ்சு திறந்தே இருக்கிறது, செய்வதற்கு ஒன்றுமில்லை. இந்தத் தொழிலில் அதைவிட நீளமான அரை மணி நேரம் எனக்கு வாய்த்ததில்லை. போன் வந்தது. என்றோ வந்து தானாக ஆறிய காசநோயின் தழும்பு. நம் ஊர் நெஞ்சுகளில் இது சகஜம் என்று உங்களுக்கு முன் வந்தவர்களுக்கு நான் பாடமே எடுத்திருக்கிறேன். ஆனாலும் அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். மேல் மடலை எடுத்தோம்.

அதன் பிறகு அவர் தேறி வரத் தாமதமானது. நெஞ்சில் வைத்த குழாயில் பதினொரு நாள் காற்றுக் கசிந்தது. வீட்டுக்குப் போன பிறகும் பேசினால் மூச்சு வாங்கியது. இடது பக்கக் கட்டியோ உள்ளே அப்படியே இருந்தது. ஐந்தாவது வாரமே இரண்டாவது அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தேன்.

இங்கே நான் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் மயக்க மருந்து நிபுணர். என்னோடு ஒரே வருடம் படித்தவர். பெயர் போட்டால் கோபித்துக்கொள்வார். நான் இந்தத் தொழிலில் யாரிடமாவது கற்றுக்கொண்டேன் என்றால் அது அவரிடம்தான், அதுவும் பெரும்பாலும் அவரோடு சண்டை போட்டு.

அவர் தங்கராசுவை மாடிப்படி ஏறச் சொல்லி, கூடவே ஏறினார். இரண்டாவது மாடித் திருப்பத்தில் தங்கராசு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அவரைக் கீழே உட்கார வைத்துவிட்டு, நிபுணர் நேரே என் அறைக்கு வந்தார்.

“இந்த மூச்சோட நான் இவரைத் தூங்க வைக்க மாட்டேன். இடது பக்கம் நீ வேலை செய்யும்போது வலது நுரையீரல் மட்டும்தான் அவரைத் தாங்கணும். அதுல ஒரு மடலை நீ ஏற்கெனவே எடுத்துட்ட. இன்னும் ஆறு வாரம் வேணும். தினமும் நடக்கட்டும், மூச்சுப் பயிற்சி செய்யட்டும்.”

“ஆறு வாரத்துல கட்டி பெருசாயிடும்.”

“அந்தச் சின்னக் கட்டி ஆறு வாரத்துல ஓடிடாது. உனக்கே தெரியும். நீ அவசரப்படறது அவருக்காகவா, உனக்காகவா?”

வேதவல்லியைப் பற்றி அவரிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கம் போனேன். வேதவல்லியின் கணவர் ரங்கராஜன் தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உத்தர வீதிக்குப் பக்கத்தில் வீடு. அப்போதுதான் கோயிலிலிருந்து வந்திருந்தார், திருமண் காய்ந்தும் காயாமலும் இருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டு, “வாங்கோ, உள்ளே வாங்கோ” என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன். வேறொரு நோயாளி கேட்ட கேள்வி, இரண்டும் வேறு என்று தெரிந்தது, அவர் மனைவிக்கு அந்தச் சோதனையை நான் செய்யாமல் விட்டது. செய்திருந்தாலும் முடிவு மாறியிருக்கும் என்று சொல்ல முடியாது என்பதையும் சொன்னேன்.

அவர் மேல்துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு கேட்டார், “அன்னிக்கு அவ ஒரு காகிதத்துல நாலு கேள்வி எழுதிண்டு வந்தா. ஞாபகம் இருக்கா?”

“இல்லைங்க.”

“கையிலேயே வச்சுண்டிருந்தா. நீங்க எழுந்துண்டுட்டேள். பொதுத்தேர்வு வரைக்கும் பள்ளிக்கூடம் போலாமான்னு கேக்கணும்னு இருந்தா. வேற ஒண்ணும் பெருசா இல்ல.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“இதைச் சொல்றதுக்கா இவ்வளவு தூரம் வந்தேள்?”

“மனசு கேக்கலைங்க.”

“அவ பரமபதிச்சு ஒன்றரை வருஷமாச்சு. பெருமாள் கூப்பிட்டுண்டுட்டார்னு நினைச்சு, இப்பத்தான் சித்த நிம்மதியா சேவிக்கப் போயிண்டிருக்கேன். நீங்க இப்ப வந்து, பிழைச்சிருக்கலாமோ என்னமோன்னு சொல்றேள். உங்க பாரம் இறங்கிடுத்து. அதை என் தலையில வச்சுட்டுப் போறேளே.” குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். எழுந்து உள்ளே போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

தவறை ஒப்புக்கொள்வது எப்போதும் நல்லது என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். அவர் வந்து கேட்டிருந்தால் ஒரு வார்த்தை மறைக்காமல் சொல்ல வேண்டியது என் கடமை. அவர் கேட்கவில்லை. நான் போனது எனக்காக. இன்றுவரை அந்தப் பயணம் சரியா தவறா என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை. நீங்கள் யாராவது இப்படிக் கிளம்புவதற்கு முன் வண்டியை நிறுத்தி, யாருக்காகப் போகிறோம் என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று நடந்தது. திரும்பி வரும்போது மயக்க மருந்து நிபுணர் கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரிந்திருந்தது. ஐந்தாவது வாரம் என்று நான் நாள் குறித்ததும் எனக்காகத்தான். திங்கட்கிழமை அந்தத் தேதியை அடித்துவிட்டு, ஆறு வாரம் தள்ளி வைத்தேன்.

தங்கராசு அந்த ஆறு வாரமும் குவார்ட்டர்ஸ் தெருக்களில் காலையும் மாலையும் நடந்தார். விஜயா கூடவே நடந்து, எந்த மரத்தடியில் நிற்கிறார் என்று கணக்கு வைத்திருந்தார். திரும்ப வந்தபோது மூன்று மாடியையும் நிற்காமல் ஏறினார்.

இரண்டாவது அறுவை சிகிச்சையில் இடது கீழ் மடல் முழுவதையும் எடுப்பது சுலபம், சீக்கிரம் முடியும். கட்டி இருக்கும் பகுதியை மட்டும் பிரித்து எடுப்பது கடினம், நேரம் பிடிக்கும். ஆனால் அவரிடம் மிச்சமிருந்த நுரையீரலைப் பார்த்தால், எடுக்கிற ஒவ்வொரு விரற்கடைக்கும் யோசிக்க வேண்டும். பகுதியை மட்டும் எடுப்பது என்று முடிவு செய்திருந்தோம்.

இடது நுரையீரலைச் சுருக்கி வைத்து வேலை தொடங்கிய முக்கால் மணி நேரத்தில் இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு இறங்கத் தொடங்கியது. தொண்ணூறு. எண்பத்தேழு. வலது நுரையீரலால் தனியாகத் தாங்க முடியவில்லை.

“எண்பத்திரெண்டு. கையை வெளிய எடு. நான் இடது பக்கத்தை ஊதணும்” என்றார் நிபுணர்.

“ரெண்டு நிமிஷம் குடு.”

“குடுக்க மாட்டேன். எடு.”

எடுத்தேன். நான் பிரித்துக்கொண்டிருந்த இடத்தையெல்லாம் மூடிக்கொண்டு நுரையீரல் உப்பி எழுந்தது. அளவு ஏறும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். ஏறியதும் மறுபடி சுருக்கி, மறுபடி வேலை. ஏழெட்டு நிமிடம் வேலை, ஐந்து நிமிடம் காத்திருப்பு. மூன்றாவது தடவை நின்றபோது உதவி டாக்டர் மெல்லச் சொன்னார்.

“மேம், மடலையே எடுத்துட்டா பத்து நிமிஷத்துல வெளிய வந்துடலாம்.”

அவர் சொன்னது சரி. என் விரல்களும் அதைத்தான் கேட்டன. பத்து நிமிடத்தில் எங்கள் நெருக்கடி தீர்ந்துவிடும். ஆனால் தங்கராசுவின் நெருக்கடி அப்போதுதான் தொடங்கும். வீட்டு வாசல்படி ஏறுவதற்கே மூச்சு இல்லாத மனிதராக அவரை விஜயாவிடம் ஒப்படைக்க வேண்டியிருக்கும். நிபுணரைப் பார்த்தேன்.

“எத்தனை தடவை வேணும்னாலும் ஊதறேன். உனக்குப் பொறுமை இருக்கா?” என்றார்.

இருந்தது என்று சொல்ல மாட்டேன். இருப்பது போல நின்றேன். ஏழு தடவை நிறுத்தினோம். பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தோம்.

கட்டிக்கும் வெட்டுக்கும் நடுவே நான் விரும்பிய அளவுக்கு நல்ல சதை கிடைக்கவில்லை. ஓரத்தில் நோய் இல்லை, ஆனால் இடைவெளி குறைவு. அதை நான்காம் நாள் அவரிடம் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொன்னேன். போனை அறையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

அவர் யோசித்துவிட்டுச் சொன்னார், “இந்த மாதிரி ஜாயிண்டை நாங்க பாஸ்னுதான் எழுதுவோம். ஆனா அடுத்த தடவை வந்தா மொத மொத அந்த இடத்தைத்தாங்க பாப்போம்.”

அப்படித்தான் பார்த்தோம், ஒவ்வொரு ஸ்கேனிலும். அந்த ஓரம் சுத்தமாகவே இருந்தது. அவர் வேலைக்குத் திரும்பினார், ஓய்வு பெறும் வயது வரை பிலிம் படித்தார். நான் அவருக்கு முன்பே ஓய்வு பெற்றேன்.

இந்த வருடம், வலது கீழ் மடலில் புதிதாக ஒரு புள்ளி தெரிந்தது. இப்படிப்பட்ட நெஞ்சில் இது நடக்கும். ஒரு தடவை தனித்தனியாக இரண்டு தோன்றிய இடத்தில் மூன்றாவதும் தோன்றலாம். அதனால்தான் இவர்களை வாழ்நாள் முழுவதும் பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்கிறேன். என் இடத்துக்கு வந்திருக்கும் டாக்டர் ஊசி போட்டுப் பார்த்தார். இதுவும் தனியானது, சிறியது. ஆனால் இனி வெட்டுவதற்கு நுரையீரல் போதாது. அந்த இடத்துக்கு மட்டும் குறிவைத்துக் கதிர்வீச்சு கொடுக்கலாம் என்றார்.

தங்கராசு பிலிமை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். நான் அதை ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். எப்படியாவது உள்ளே நுழைந்து அதை மட்டும் எடுக்க வழி உண்டா என்று தேடிக்கொண்டிருந்தேன். அவர் சிரித்தார்.

“டாக்டரம்மா, நான் உங்ககிட்ட அபிப்பிராயம் கேக்க வரல. கதிர்னு முடிவு பண்ணிட்டேன். சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்.”

சிகிச்சை முடிந்து எடுத்த முதல் ஸ்கேனில் அந்தப் புள்ளி பாதிக்கு மேல் சுருங்கியிருந்தது. அவர் நன்றாகவே இருக்கிறார். ஆனால் கடைசியாக உங்களிடம் சொல்ல நினைத்தது, முதல் நாள் கதிர்வீச்சுக்கு அவரோடு நானும் போனதைப் பற்றி.

வீட்டில் இருக்க முடியாமல்தான் போனேன். அவரை உள்ளே அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார்கள். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. நான் வழக்கம் போல உள்ளே போக ஓர் அடி எடுத்து வைத்தேன். அங்கிருந்த ஊழியர் கையை நீட்டித் தடுத்து, “நீங்க வெளிய உக்காருங்கம்மா” என்றார். என்னை அவருக்குத் தெரியாது.

விஜயா பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தார். நான் உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்கு ஒவ்வொரு படியாகத் தெரியும். தெரிந்தும் ஒன்றும் உதவவில்லை.

“நீங்க இப்படி வெளிய உக்காந்ததே இல்லல்ல?” என்றார் விஜயா.

“இல்ல. நான் உள்ள இருந்தப்ப நீங்க இங்க என்ன பண்ணுவீங்க?”

“மொதல்ல சாமி கும்பிடுவேன். அப்புறம் அதுவும் ஓடாது. கதவையே பாத்துட்டு இருப்பேன்.”

நானும் கதவையே பார்த்தேன். விளக்கு அணைந்து கதவு அசைந்தபோது விஜயா எழுந்தார். அதற்குள் நான் கதவருகில் போய் நின்றிருந்தேன்.